சொறியாதே!

உலகத்தில் காசு செலவில்லாமல் கிடைக்கும் சுகங்களுள் முதுகு சொறிந்துகொள்ளும் சுகத்துக்கு நிகரானது வேறில்லை என்று நமது நண்பர் ஒருவர் சொல்வது வழக்கம். இதற்கென்றே மூங்கிலில் செய்த சிறிய கோல் ஒன்றை அவர் மேஜைமேல் வைத்திருக்கிறார். நம் முன்னோர்களும் இந்த உணர்ச்சியை அற்பமாக எண்ணிவிடவில்லை. போருக்குத் துடிக்கும் வீரனுடைய தோள்கள் தினவெடுத்தன என்று கவிகள் வருணித்தார்கள். உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்று பாட்டிமார் ஆசை காட்டினார்கள். விஷமம் செய்யும் பையனைப் பார்த்து, "என்னடா, முதுகு அரிக்கிறதா?" என்று உபாத்தியாயர்கள் கேட்டார்கள். இந்த மூன்றாவது பிரயோகத்தை நாமும் நமது உத்தியோக காலத்தில் பல தடவை கையாண்டிருக்கிறோம் என்பதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் அரிப்பு என்பது பரிகாசத்துக்குரிய விஷயமன்று என்பதை, நாற்பது வயதைக் கடந்த பிறகு, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நமக்குக் கற்பித்தான். நாம் அவனுக்குக் கற்பித்த கணக்கைக் காட்டிலும் அவன் நமக்குக் கற்பித்த பாடம் பெரியது. அதை வாங்கிக்கொள்ள நாம் கொடுத்த விலையும் பெரியது. ஆகையால் அந்தக் கதையை இங்கே சொல்லத் துணிகிறோம்.

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பையன் புதிதாக வந்து சேர்ந்தான். புத்திசாலி, அடக்கமானவன். ஆனால் அவனுடைய முழங்கை மடிப்புகளிலும், முழங்காலுக்குப் பின்புறத்திலும், கழுத்திலும் தோல் தடித்துக் கறுத்து, காய்ந்த ஏரியின் மண்போல் வெடிப்பு விட்டிருந்தது. அரைக்கைச் சட்டையின் கையைக் கீழே இழுத்து இழுத்து அதை மறைத்துக்கொள்ள முயல்வான். வலது கை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே இடது கை தன் போக்கில் சென்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருக்கும். வெயில் ஏறி வகுப்பறை வெந்து வியர்வை பெருகிவிட்டாலோ, இரண்டு கைகளும் அந்த வேலைக்கே போய்விடும்.

"சொறியாதே!" என்போம். கை சட்டென்று இறங்கிவிடும். பத்து நிமிஷத்தில் மறுபடியும் ஏறும். "கையை எடு!" என்று அதட்டுவோம். வகுப்பு சிரிக்கும். சிரங்கு பிடித்தவன் கை சும்மா இராது என்று ஒரு நாள் நாமே சொல்லிவிட்டோம். அன்று வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. அடுத்த வாரம் ஒரு பையனின் தகப்பனார் வந்து, "இது ஒட்டிக்கொள்ளும் வியாதி போலிருக்கிறதே, என் பிள்ளைக்குப் பக்கத்திலா உட்கார வைப்பது?" என்று கேட்டார். நமக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆகவே பையனைக் கடைசி வரிசையில், சுவரோரமாக இருந்த ஒற்றை பெஞ்சில் தனியாக உட்கார வைத்தோம். அன்று அது மிகவும் நியாயமான காரியமாகவே தோன்றிற்று.

மூன்றாம் நாள் பையனின் தாயார் வந்தாள். கையில் டாக்டரின் கடிதம் இருந்தது. அவள் கோபிக்கவில்லை, அழவும் இல்லை. "ஸார், இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று வயதிலிருந்து இவனுக்கு இது இருக்கிறது. இராத்திரியெல்லாம் இவன் சொறிந்துகொள்ளாதபடி இவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்குகிறேன். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லையே, ஸார்?" என்று மட்டும் சொன்னாள்.

தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று 1950-ம் ஆண்டில் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்த தேசம் இது. சேவாகிராம ஆசிரமத்தில் தொழுநோயால் வருந்திய பர்ச்சுரே சாஸ்திரியின் உடம்பைக் காந்தியடிகள் தம் கையால் தேய்த்துப் பணிவிடை செய்தார் என்பதை வருஷந்தோறும் அக்டோபர் மாதத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம், ஒட்டாத வியாதி ஒன்றுக்காக ஒரு குழந்தையை ஒற்றை பெஞ்சில் ஒதுக்கி வைத்தோம். அன்றைக்கே பையனைப் பழைய இடத்தில் உட்கார வைத்துவிட்டோம். ஆயினும் நம் மனத்தில் ஏற்பட்ட உறுத்தல் அத்துடன் தீரவில்லை. இந்த அரிப்பு என்பது என்ன? "சொறியாதே" என்று ஆயிரம் தடவை சொல்லியும் ஒரு நல்ல பையனால் ஏன் கீழ்ப்படிய முடியவில்லை? இதைத் தெரிந்துகொள்ளாமல் அவன் முகத்தில் விழிப்பதற்கு நமக்கு வெட்கமாக இருந்தது. கோடை விடுமுறை வரையில் கிடைத்த நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் தேடிப் படித்தோம்.

* * *

டாக்டரின் கடிதத்தில் கண்ட நோயின் பெயர் அடோபிக் டெர்மடைடிஸ் என்பது. ஒவ்வாமையினால் வரும் தோல் அழற்சி என்று பொருள். எக்ஸிமா என்றும் சொல்லுவார்கள். நம் நாட்டு வைத்தியர்கள் கரப்பான் என்று வழங்கும் நோய்களில் இதுவும் அடங்கும். "இரத்தத்தில் கெடுதி" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அந்த விளக்கம் இதற்குப் பொருந்தாது. இந்நோயாளர் பலருக்குத் தோலின் மேற்சுவரே பிறவியில் பலவீனமாக அமைந்துவிடுகிறது. அந்தச் சுவரைக் கட்டுவதற்கு வேண்டிய பிலாக்ரின் என்னும் புரதத்தின் குறைவு இதற்கு முக்கியமான ஒரு காரணம் என்று 2006-ம் ஆண்டில் கண்டறிந்தார்கள். சுவரில் விரிசல் இருந்தால் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போகிறது. வெளியேயிருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே வருகின்றன. உடம்பைக் காக்கும் சேனை விழித்துக்கொண்டு போருக்குக் கிளம்புகிறது. அந்தப் போரின் அடையாளந்தான் சிவப்பும் வீக்கமும் அரிப்பும்.

இதுவரையில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விஷயமே. ஆனால் இந்தப் போரில் நரம்புகளுக்கு என்ன வேலை? நரம்பு என்பது செய்தி கொண்டுபோகும் தூதன், தோலில் நடப்பதை மூளைக்குச் சொல்லுவதோடு அதன் கடமை முடிந்தது என்றுதான் நாமும் கல்லூரியில் படித்திருந்தோம். அது பாதி உண்மைதான் என்பது இப்போது தெரிய வந்தது.

நேயர்கள் விரும்பினால் ஒரு சிறிய பரீட்சை செய்து பார்க்கலாம். அளவுகோலின் மழுங்கிய முனையால் முன்கையின் உட்புறத்தில் நன்றாக அழுத்தி ஒரு கோடு இழுங்கள். சிறிது நேரத்தில் அந்தக் கோடு சிவக்கும். அழுத்தம் பலமாயிருந்தால், கோட்டுக்கு இருபுறமும், அளவுகோல் தொடாத இடத்திலும், சிவப்பு பரவும். சிலருக்கு மாத்திரம் கோடே தடித்துத் தழும்புபோல் எழும்பும். லண்டனில் ஆராய்ச்சி செய்த ஸர் தாமஸ் லூயிஸ் என்னும் வைத்திய மேதை இந்த மூன்று மாறுதல்களையும் வருஷக்கணக்காகப் பரிசோதித்து, 1927-ல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். கோடு சிவப்பதற்கும் தடிப்பதற்கும் அந்த இடத்தில் வெளிப்படும் ஹிஸ்டமின் போன்ற ஒரு பொருள் காரணம் என்றார். ஆனால் தொடாத இடம் ஏன் சிவக்க வேண்டும்?

நரம்புதான் காரணம் என்று அவர் நிரூபித்தார். தோலுக்குச் செல்லும் உணர்ச்சி நரம்பு வெட்டுண்டு போயிருந்தாலும், சில நாட்கள் வரையில் அந்தச் சிவப்பு பரவிக்கொண்டுதான் இருந்தது. வெட்டுண்ட நரம்பு தோலில் அதன் நுனிவரையில் பட்டுப்போன பிறகோ, சிவப்பு பரவுவது நின்றுவிட்டது. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புலனாயின. சிவப்பைப் பரப்புவது நரம்பு. அதற்காக நரம்பு மூளையிடமிருந்தோ முதுகுத் தண்டிடமிருந்தோ உத்தரவை எதிர்பார்ப்பதில்லை.

இது எவ்வாறு என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். அந்தக் காலத்துக் கிராமத்தில் ஒரு வைக்கோற்போரில் தீப்பற்றியதாக வைத்துக்கொள்வோம். தலையாரி அதைக் கண்டதும் மணியக்காரரிடம் சொல்ல ஓடுகிறான். ஆனால் வாயை மூடிக்கொண்டா ஓடுகிறான்? வழியில் உள்ள தெருவெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டே போகிறான். மணியக்காரர் எழுந்து உட்காருவதற்குள் ஊரே குடத்துடன் திரண்டுவிடுகிறது. உணர்ச்சி நரம்பும் இப்படித்தான். தோலில் அது மரக்கிளைபோல் பல பிரிவுகளாய்ப் பிரிந்திருக்கிறது. ஒரு கிளையில் எழும் செய்தி மூளையை நோக்கிச் செல்லும்போதே, கவட்டில் திரும்பி மற்றக் கிளைகளின் வழியாகவும் தோலுக்கு இறங்கி வருகிறது. இறங்கி வந்த இடங்களில் அந்தக் கிளையின் நுனிகள் சில இரசாயனப் பொருள்களைக் கக்குகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, தோல் சிவக்கிறது.

இந்த உண்மைக்கு அடிகோலியவர்கள் வேறு சிலரும் உண்டு. உணர்ச்சி நரம்பின் வேரைத் தூண்டினால் காலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன என்று 1901-ல் பெய்லிஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்டு வியந்தார். கடுகெண்ணெய் பட்டுக் கண் சிவப்பதும் உணர்ச்சி நரம்பு பட்டுப்போன பிறகு நிகழ்வதில்லை என்று நீனியன் புரூஸ் என்பவர் 1910-ல் எழுதினார். நரம்பு கக்கும் பொருள்களில் முதன்மையான ஒன்றை 1931-ல் வான் ஆய்லர், காடம் என்னும் இருவர் கண்டுபிடித்தார்கள். அதற்குத் தக்க பெயர் சூட்ட அவர்களுக்கு அவகாசமில்லை போலும்! ஆராய்ச்சிக் குறிப்பில் இட்ட ஒற்றை எழுத்தே நிலைத்துப்போய், இன்றைக்கும் அது 'பி பொருள்' என்றே வழங்கி வருகிறது.

எல்லாவற்றையும்விட நமக்குச் சுவையாகப் பட்டது ஹங்கேரி தேசத்துச் செகெட் நகரில் நடந்த ஆராய்ச்சிதான். அந்த நகரம் மிளகாய்க்குப் பேர்போனது. மிளகாய் அரைத்த கை மணிக்கணக்காக எரிவதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த எரிச்சலை உண்டாக்கும் காப்சைசின் என்னும் சத்தை அதிக அளவில் திரும்பத் திரும்பச் செலுத்தினால், நரம்பு நுனிகள் மரத்துப்போகின்றன. அப்படி மரத்துப்போன தோலில், கண்ணையும் தோலையும் புண்ணாக்கக்கூடிய காரப் பொருள்களை வைத்தாலும் வழக்கமான அழற்சி உண்டாவதில்லை என்று யான்சோ என்பவரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். யான்சோ 1966-ல் காலமானார். அவர்களுடைய முடிவு 1967-ல் பிரசுரமாயிற்று. நரம்பினால் உண்டாகும் அழற்சி என்பது அதுமுதல் மறுக்க முடியாத உண்மையாயிற்று. காப்சைசினுக்கு நரம்பில் கதவு திறந்துவிடும் புரதத்தை டேவிட் ஜூலியஸ் என்பவர் 1997-ல் கண்டுபிடித்து, அதற்காக 2021-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

* * *

இனி அரிப்புக்கு வருவோம். அரிப்பு என்பது சிறிய வலி, வலி என்பது பெரிய அரிப்பு என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். வலிக்கும் இடத்திலிருந்து கையை இழுத்துக்கொள்கிறோம்; அரிக்கும் இடத்துக்கோ கையைக் கொண்டுபோகிறோம். இந்த ஒரு வித்தியாசமே இரண்டும் வேறு என்பதைக் காட்டியிருக்க வேண்டும். 1997-ல் ஜெர்மனியில் ஷ்மெல்ஸ் முதலியோர் மனிதருடைய தோல் நரம்பில் மெல்லிய ஊசிகளைச் செலுத்திப் பரிசோதித்து, ஹிஸ்டமின் பட்டதும் விழிப்படையும் தனி நரம்பிழைகள் இருப்பதைக் கண்டார்கள். அவை மிகவும் மெல்லியவை, சோம்பேறிகளுங்கூட. அவற்றில் செய்தி விநாடிக்குச் சுமார் அரை மீட்டர் தூரமே செல்லும். கொசு கடித்த சிறிது நேரம் கழித்தே நமக்குத் தினவு தெரிவதற்கு இந்த நிதானமும் ஒரு காரணம்.

ஆனால் எல்லா அரிப்பும் ஹிஸ்டமினால் வருவதன்று. இதற்குச் சாட்சி நம் ஊர் வேலிகளிலேயே படர்ந்து கிடக்கிறது. பூனைக்காலிக் கொடியைக் கிராமத்துப் பிள்ளைகள் அறிவார்கள். அதன் காயின்மேல் உள்ள சுணை உடம்பில் பட்டால் அரிப்புத் தாங்காது. ஆனால் அரிப்பு அவ்வளவு கடுமையாயிருந்தும், ஹிஸ்டமினால் பரவுவதுபோல் சுற்றிலும் சிவப்பு பரவுவது குறைவு. அந்தச் சுணையில் இருப்பது புரதத்தை வெட்டும் ஒரு நொதி என்று 1955-ல் அமெரிக்காவில் கண்டார்கள். அது வேறு வகை நரம்பிழைகளைத் தூண்டுகிறது என்பது பின்னால் தெரிந்தது. அரிப்பைப் பற்றி ஆராயும் அயல்நாட்டுச் சோதனைச் சாலைகளில் நம் வேலியோரத்துப் பூனைக்காலிக்கு இன்றும் மரியாதையான ஸ்தானம் உண்டு!

கரப்பானின் அரிப்பும் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதையிலேயே செல்லுகிறது. உடம்பு தடித்துத் திட்டுத் திட்டாக எழும்பும்போது நன்றாக வேலை செய்கிற ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை, கரப்பான் அரிப்பை ஏன் அடக்குவதில்லை என்பது இதனால் விளங்கும். அது கொடுக்கும் தூக்கந்தான் அரிப்பை மறக்கச் செய்கிறது. அப்படியானால் கரப்பானில் நரம்பை எழுப்புவது எது? விரிசல் விட்ட மேல்தோலின் செல்கள் வெளியிடும் டி.எஸ்.எல்.பி. என்னும் பொருள் நரம்பை நேராகவே தூண்டுகிறது என்று 2013-ல் கலிபோர்னியாவில் கண்டார்கள். உடம்புச் சேனையின் செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளும் இன்டர்லூகின் 4, 13, 31 என்னும் தூதுப் பொருள்களையும் நரம்பு ஒட்டுக் கேட்கிறது என்று தெரிந்தது. கரப்பான் தோலில் குடியேறும் ஸ்டபிலோகாக்கஸ் கிருமியும் ஒரு நொதியைக் கக்கி நரம்பை நேராகச் சீண்டுகிறது என்று 2023-ல் வெளியிட்டார்கள். சேனை நரம்பைத் தூண்ட, நரம்பு சேனையைத் தூண்ட, நடுவில் அகப்பட்டுக்கொண்டு அந்தப் பையனின் தோல் தவிக்கிறது.

இந்த ஆராய்ச்சிகள் வீண்போகவில்லை. இன்டர்லூகின் 4, 13 ஆகியவற்றின் வேலையைத் தடுக்கும் டூபிலுமாப் என்னும் ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2017-ல் அநுமதி கிடைத்தது. இன்டர்லூகின் 31-ஐத் தடுக்கும் நெமோலிசுமாப் ஜப்பானில் 2022-லும், கரப்பானுக்காக அமெரிக்காவில் 2024-லும் அநுமதி பெற்றது. கடுமையான நோயாளர்கள் பலர் இவற்றால் இரவில் தூங்குகிறார்கள். விலைதான் நம்மவர்க்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அம்மைத் தடுப்பு மருந்தையும் காசநோய் மருந்தையும் உலகத்துக்கே மலிவாகச் செய்து கொடுக்கும் இந்தியா, இவற்றையும் ஏழைத் தாயின் கைக்கு எட்டும்படி செய்யும் நாள் வரவேண்டும்.

* * *

இப்போது நம்மை மிகவும் வருத்திய கேள்விக்கு வருகிறோம். சொறிவதனால் என்ன ஆகிறது?

சொறிந்தால் சுகமாயிருக்கிறது என்பதில் ஐயமில்லை. நகம் உண்டாக்கும் சிறு வலி முதுகுத் தண்டை அடைந்து, அங்கே அரிப்புச் செய்தியைச் சற்று நேரம் அமுக்கிவிடுகிறது. ஆனால் அந்த வலியை அறிவிக்கும் நரம்பும் நமது தலையாரியைப்போல் கூச்சலிடுகிற நரம்புதானே? 2025-ம் ஆண்டு ஆரம்பத்தில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து விஞ்ஞானிகள் ஓர் அழகான பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வாமையை உண்டாக்கும் பொருளைச் சுண்டெலிகளின் காதில் தடவினார்கள். சில எலிகளைத் தம்மிஷ்டம்போல் சொறிய விட்டார்கள். மற்றவற்றுக்கு, நாய் புண்ணை நக்காதபடி கால்நடை வைத்தியர் மாட்டுவாரே, அதுபோன்ற கழுத்துப் பட்டையை மாட்டிச் சொறிய முடியாமல் செய்தார்கள். சொறிந்த எலிகளின் காது வீங்கி, அழற்சிச் செல்கள் திரண்டுவிட்டன. சொறியாதவற்றின் காதில் வீக்கம் மிகவும் குறைவு. ஒவ்வாமைப் பொருளோ இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான்!

காரணம் இதுதான். சொறியும்போது வலி நரம்புகள் விழித்து, முன்னே சொன்ன 'பி பொருளை'க் கக்குகின்றன. அது மாஸ்ட் செல்களைப் போய் எழுப்புகிறது. இவை 1878-ல் பால் எர்லிஹ் என்னும் ஜெர்மானியர் பெயரிட்ட செல்கள். உள்ளே மணி மணியாக நிறைந்திருப்பதைப் பார்த்து, நன்றாகத் தின்று கொழுத்தவை என்று எண்ணி அவர் அப்படிப் பெயர் வைத்தார். உண்மையில் அவை தின்று கொழுத்தவையல்ல. ஹிஸ்டமின் முதலிய மருந்து மூட்டைகளைக் கட்டி வைத்துக் காத்திருக்கும் வெடிக்கிடங்குகள். ஒவ்வாமைப் பொருள் ஒரு பக்கம் அவற்றுக்குத் தீ வைக்கிறது. சொறிந்த நரம்பு மறுபக்கம் தீ வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கேட்பானேன்?

குரங்குப் புண் என்று நம் பெரியோர் சொன்னது வெறும் கேலி என்று எண்ணியிருந்தோம். குரங்கு தன் புண்ணைத் தானே கிளறிக் கிளறிப் பெரிதாக்கிக்கொள்ளும் என்பது பொருள். அந்தப் பழமொழிக்கு இப்போது நரம்பின் பாஷையில் விளக்கம் கிடைத்துவிட்டது. ஆயினும் இயற்கை காரணமின்றி எதையும் வைப்பதில்லை. சொறிந்த தோலில் ஸ்டபிலோகாக்கஸ் கிருமிகளின் தொகை குறைந்திருந்ததையும் அதே விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆகவே சொறிவதில் ஆதியில் ஒரு நன்மையும் இருந்திருக்கிறது. நாட்பட்ட கரப்பானில் அந்த நன்மையைத் தீமை விழுங்கிவிடுகிறது என்பதே அவர்களுடைய அபிப்பிராயம்.

இதைப் படித்த அன்று நமக்கு ஏற்பட்டது இரண்டு விதமான உணர்ச்சி. "சொறியாதே" என்று நாம் சொன்னது சரிதான் என்று ஒரு கணம் மகிழ்ந்தோம். மறுகணமே அந்த மகிழ்ச்சி மறைந்தது. சொறிந்தால் நோய் வளரும் என்பது உண்மையானால், சொறியாமல் இருப்பதற்கு வழி செய்வதல்லவா பெரியவர்களுடைய கடமை? வழி ஒன்றும் செய்யாமல் உத்தரவு மாத்திரம் போடுவது, தாகத்தால் தவிப்பவனிடம் "தவிக்காதே" என்று சொல்வது போலத்தான். எலிக்குக் கழுத்துப் பட்டை மாட்டினார்கள். குழந்தைக்கோ அவன் தாயின் கைதான் பட்டை. ஒன்பது வருஷமாக ஒவ்வோர் இரவும் அவள் செய்து வந்தது பிட்ஸ்பர்க் விஞ்ஞானிகள் செய்த அதே காரியந்தான். அவளை நாம் வகுப்பு வாசலில் நிற்க வைத்துப் பேசினோம்.

* * *

மறுபடியும் அந்த அம்மாளை வரவழைத்து, இந்தத் தடவை நாற்காலியில் உட்கார வைத்து, நாம் படித்ததைச் சொன்னோம். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற பயம் முதலில் இருந்தது. சொல்லத் தொடங்கினால், நரம்பு, தினவு, சுணை, கரப்பான், குரங்குப் புண் என்று வேண்டிய சொற்களெல்லாம் நம்மிடமே தயாராக இருந்தன. கேட்டு முடித்ததும், "அப்படியானால் அவன் வேண்டுமென்று செய்யவில்லை, இல்லையா, ஸார்?" என்று அவள் கேட்டாள். வீட்டிலும் அவன் பல பேரிடம் அடி வாங்கியிருக்கிறான் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

டாக்டர் சொல்லியிருந்த முறைகளின் கருத்தும் இப்போது விளங்கியது. குளித்த உடனே, ஈரம் முழுவதும் காய்வதற்குள், தோலுக்கு எண்ணெய்ப் பசை தரும் களிம்பைத் தாராளமாகத் தடவ வேண்டும். அது சுவரின் விரிசலுக்குப் பூச்சு. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். உடம்பில் உறுத்தாத பருத்தித் துணியே உசிதம். அரிக்கும்போது சொறிவதற்குப் பதில் குளிர்ந்த ஈரத் துணியை வைத்து அழுத்தலாம். குளிர்ச்சியும் அரிப்புச் செய்தியை அமுக்கும். ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரையில் பூச வேண்டும். பயந்து நிறுத்துவதும் தவறு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பல மருந்து கலந்த களிம்பைப் பூசிக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நுண்ணிய பூச்சிகளால் உண்டாகும் சொறிசிரங்கு வேறு. அது உண்மையாகவே ஒட்டும். எது எது என்று தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். பெஞ்சு மாற்றும் உபாத்தியாயர் அல்ல.

வகுப்பில் நாம் செய்தது சொற்பமே. பையனை வெயில் விழாத ஜன்னலோரம், விசிறிக்குக் கீழே உட்கார வைத்தோம். மேஜையில் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு வெள்ளைத் துணியும் இருக்கும். வேண்டும்போது கேளாமலே வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டோம். "சொறியாதே" என்ற சொல்லை நாம் பிறகு உபயோகிக்கவில்லை.

பிறகு ஒரு நாள், பாடம் முடிந்து நேரம் மிச்சமிருந்தபோது, லூயிஸின் பரீட்சையை வகுப்பில் செய்து காட்டினோம். கையை நீட்டிக்கொண்டு, அந்தப் பையனை அழைத்து, அளவுகோலால் நமது முன்கையில் அழுத்திக் கோடு போடச் சொன்னோம். அவன் தயங்கினான். தன் கையால் நம்மைத் தொடலாமா என்று யோசித்தான் என்பது முகத்தில் தெரிந்தது. "பிடித்துக்கொண்டு போடடா" என்றோம். தடித்துச் சொரசொரத்த அந்த விரல்களால் நமது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தான். வகுப்பு முழுவதும் சுற்றி நின்றது.

நமது தோல் நல்ல கறுப்பு. லண்டன் நகரத்துத் தோலில் தெரிந்ததுபோல் அதில் சிவப்பு பளிச்சென்று தெரியவில்லை. நம்மவர் குழந்தைகளின் அழற்சி பல சமயங்களில் பெரியவர்களின் கண்ணுக்குத் தப்பிவிடுவதும் இதனால்தான். பையன் கோட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்து, "இங்கே கொஞ்சம் சுடுகிறது, ஸார், நான் கோடு போடாத இடத்திலும் சுடுகிறது" என்றான். அதைத்தானே லூயிஸும் சொன்னார்! மற்றப் பையன்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள்.

எந்தப் பையனின் தகப்பனார் வந்து புகார் சொன்னாரோ, அந்தப் பையன் கடைசியில் வந்தான். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தன் கையை அவன் முன் நீட்டி, "எனக்கும் ஒன்று போடுடா" என்றான்.